மகனின் கைவலிக்குச் செய்த பந்து

மாலை 7 மணிக்கு மேல் சமூக மன்றத்துப் பக்கம் நடந்து போனால், இப்போதெல்லாம் ஒரு சத்தம் தவறாமல் காதில் விழுகிறது. டொக்... டொக்... டொக். பூப்பந்துத் திடலில் வலையை இறக்கிக் கட்டிக்கொண்டு பிக்கல்பால் ஆடுகிறார்கள். ஒரு பக்கம் தாத்தாவும் பேத்தியும். எதிர்ப்பக்கம் அலுவலகத்திலிருந்து நேராக வந்த இரண்டு இளையர்கள். ஜெயிப்பது பெரும்பாலும் தாத்தாதான்.

அந்தப் பந்தை ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள். உள்ளே ஒன்றுமில்லை, மேலெல்லாம் துளை. ஓங்கி அடித்தாலும் ரொம்ப தூரம் போகாது. மேலே பட்டாலும் கிரிக்கெட் பந்து மாதிரி காயம் படுத்தாது. 1965இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பெயின்பிரிட்ஜ் தீவில், விடுமுறையில் பொழுது போகாமல் தவித்த பிள்ளைகளுக்காகப் பெற்றோர் தொடங்கிய ஆட்டம் பிக்கல்பால். வீட்டில் பூப்பந்துத் திடல் இருந்தது. மேசைப்பந்து மட்டைகளும் துளைபோட்ட பிளாஸ்டிக் பந்தும் கிடைத்தன. அவ்வளவுதான் முதலீடு.

இந்தத் துளைப்பந்துக் குடும்பத்தில் பிக்கல்பாலுக்கு ஓர் அண்ணன் உண்டு. பன்னிரண்டு வயது மூத்தவர். பெயர் விஃபிள்பால். நம் ஊரில் அவரை அதிகம் பேருக்குத் தெரியாது. அமெரிக்காவிலோ அவர் இல்லாத கோடைக்காலம் கிடையாது. பிள்ளைகள் கொல்லைப்புறத்தில் ஆடுவதற்கென்று செய்த அந்த விளையாட்டில், இன்று பெரியவர்கள் குழு சேர்த்து, அட்டவணை போட்டு, ஓட்டக் கணக்கு எழுதி, கோப்பைக்காக மோதுகிறார்கள். முழுநேரத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் அல்லர். திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் போகிறவர்கள்.

இதில் அப்படி என்ன இருக்கிறது?

அப்பா பார்த்த காரியம்

கதை 1953இல் தொடங்குகிறது. கனெட்டிகட் மாநிலத்தில் ஃபேர்ஃபீல்டு என்ற ஊர். டேவிட் முல்லனி என்பவர் கார் பாலிஷ் தொழில் நடத்தி நொடித்துப்போயிருந்தார். அவருடைய 12 வயது மகனுக்கும் அதே பெயர்தான். பள்ளி விட்டு வந்ததும் பையன் கூட்டாளிகளோடு வெளியே இறங்கிவிடுவான்.

அவர்கள் ஆட நினைத்தது பேஸ்பால். ஆனால் இரண்டு குழு சேர்க்க ஆள் போதவில்லை. அத்தனை பெரிய திடலும் இல்லை. அக்கம்பக்கத்து ஜன்னல் கண்ணாடிகள் சில ஏற்கெனவே உடைந்திருந்தன. அதனால் கோல்ஃப் பயிற்சிக்கான துளைபோட்ட சின்ன பிளாஸ்டிக் பந்தையும் துடைப்பக் கம்பையும் எடுத்துக்கொண்டு ஆடினார்கள்.

சின்னப் பந்தை நேராக வீசினால் அடிப்பது எளிது. ஆகவே வீசும் பையன்கள் பந்தை வளைக்கப் பார்த்தார்கள். எடையே இல்லாத பந்தை வளைப்பதற்கு மணிக்கட்டையும் முழங்கையையும் முறுக்கி முறுக்கி வீச வேண்டும். மாலையில் வீடு திரும்பிய மகன், கை துவண்டுபோய்விட்டது என்று அப்பாவிடம் சொன்னான்.

முல்லனி கல்லூரிக் காலத்திலும் பிறகு உள்ளூர்க் குழுக்களிலும் பேஸ்பால் பந்து வீசியவர். 12 வயதில் முழங்கையை இப்படி முறுக்கினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். இந்த இடத்தில் நம்மில் பலர் என்ன சொல்வோம்? "போதும், உள்ளே வந்து புத்தகத்தை எடு" என்போம். அவர் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை. பந்தை மாற்றப் பார்த்தார்.

கோட்டி என்ற வாசனைத் திரவிய நிறுவனத்துக்காகச் செய்யப்பட்ட உருண்டையான பிளாஸ்டிக் உறைகள் அவருக்குக் கிடைத்தன. கிட்டத்தட்ட பேஸ்பால் அளவு. அவற்றைச் சவர பிளேடால் பல விதமாக வெட்டினார். ஒவ்வொரு விதத்தையும் மகன் வெளியே கொண்டுபோய் வீசிப் பார்த்தான். பல விதங்கள் சரிப்படவில்லை. ஒன்று சரியாக வந்தது. பந்தின் ஒரு பாதியில் மட்டும் நீள்வட்டமாக எட்டுத் துளைகள், மறு பாதி மூடியது. இதைக் கையை முறுக்காமல் சாதாரணமாக வீசினாலே போதும், தானே வளைந்தது. கைவலியும் போயிற்று.

பேஸ்பாலில் அடிப்பவர் மட்டையை வீசிப் பந்தைத் தவறவிட்டால், பையன்கள் பேச்சில் அதற்கு 'விஃப்' என்று பெயர். இந்தப் பந்து அப்படி நிறைய விஃப் கொடுத்தது. அதிலிருந்து பெயர் பிறந்தது. ஆங்கிலச் சொல்லில் உள்ள ஓர் எழுத்தை விட்டுவிட்டார்கள். எழுத்து குறைந்தால் பெயர்ப்பலகைச் செலவும் குறையும் என்பதுதான் அதற்குக் குடும்பத்தில் சொல்லப்படும் காரணம். தொழில் நொடித்த வீட்டில் அந்தக் கணக்கும் நியாயம்தானே.

முல்லனி குடும்பத்தின் நிறுவனம் அதே கனெட்டிகட்டில், ஷெல்டன் என்ற ஊரிலிருந்து இன்றும் இந்தப் பந்தைச் செய்கிறது. துளைகளின் எண்ணிக்கை மாறவில்லை. 2017இல் நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டரில் உள்ள தேசிய பொம்மைப் புகழரங்கில் விஃபிள்பாலுக்கு இடம் கிடைத்தது. அதே ஆண்டு அதனோடு சேர்க்கப்பட்டவற்றில் ஒன்று, நாம் எல்லாரும் வகுப்பில் மடித்துப் பறக்கவிட்ட காகித விமானம்.

பந்து ஏன் வளைகிறது?

கிரிக்கெட் பார்க்கிற வீட்டில் 'ஸ்விங்' என்றால் விளக்க வேண்டாம். பந்தின் ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் சொரசொரப்பு. காற்று இரு பக்கமும் வெவ்வேறு விதமாக ஓடுவதால் பந்து ஒரு பக்கம் ஒதுங்குகிறது. விஃபிள் பந்தின் அடிப்படையும் ஏறக்குறைய இதுதான். ஒரு பக்கம் துளை, மறுபக்கம் வழவழப்பு. ஆனால் இதில் ஒரு கூடுதல் சங்கதி இருக்கிறது. துளை வழியாகக் காற்று பந்துக்கு உள்ளேயும் போகிறது.

பென்சில்வேனியாவின் லஃபாயெட் கல்லூரிப் பேராசிரியர் ஜென் ராஸ்மன், தம் மாணவர் ஒருவருடன் இந்தப் பந்தைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தார். 2007இல் முடிவுகள் இயற்பியல் ஆய்விதழில் வந்தன. பந்தின் வெளியே ஓடும் காற்று ஒரு விதமாகத் தள்ளுகிறது. உள்ளே மாட்டிக்கொண்டு சுழலும் காற்று வேறு விதமாகத் தள்ளுகிறது. எது மேலோங்கும் என்பது வேகத்தைப் பொறுத்து மாறுகிறது. ஆகவே ஒரே ஆள், ஒரே பிடி, கொஞ்சம் வேகம் மட்டும் கூட்டினாலும் பந்து வேறு பாதையில் போகலாம்.

எடையும் ஒரு காரணம். கிரிக்கெட் பந்து 156 கிராமுக்குக் குறையாது. விஃபிள் பந்து ஏறக்குறைய 20 கிராம்தான். காற்று சொல்வதை அது உடனே கேட்கும். நன்றாக வீசத் தெரிந்தவர் கையிலிருந்து கிளம்பும் பந்து அடிப்பவரின் தோளுக்கு நேராக வருவதுபோல் தோன்றும். அவர் பின்வாங்கும் நேரத்தில் வளைந்து போய் ஸ்டம்ப் இருக்க வேண்டிய இடத்தில் விழும். வெறும் பிளாஸ்டிக் பந்துதானே என்று மட்டையைப் பிடிக்கிறவர்கள் முதல் நாளில் காற்றைத்தான் அடிக்கிறார்கள்.

ஓடாமல் ஓட்டம்

பள்ளியில் ராவுண்டர்ஸ், சாஃப்ட்பால் ஆடியவர்களுக்கு விஃபிள்பால் விதிகள் எளிதில் பிடிபடும். பந்து தரையில் குத்தி எழும்பாது. நேராக அடிப்பவரிடம் வரும். மூன்று முறை தவறவிட்டால் அவுட். அடித்த பந்தைக் காற்றில் பிடித்தாலும் அவுட். தரையில் உருண்டு வரும் பந்தை நிற்பதற்குள் எடுத்துவிட்டாலும் அவுட்.

பெரிய வித்தியாசம், யாரும் ஓட வேண்டாம். நிறுவனத்தின் விதித்தாளில் இருக்கும் ஏற்பாடு இது. தரையில் கோடு போட்டுப் பகுதி பிரித்துவிட வேண்டும். பந்து முதல் பகுதியில் விழுந்தால் ஓர் இடம் முன்னேற்றம், அடுத்ததில் விழுந்தால் இரண்டு, அதற்கடுத்ததில் மூன்று, கடைசிக் கோட்டைத் தாண்டினால் ஹோம் ரன். ஓடுகிறவர் மனக்கணக்கில் மட்டும் இருக்கிறார். "முதல் இடத்தில் ஒருத்தர், மூன்றாம் இடத்தில் ஒருத்தர்" என்று சொல்லிக்கொண்டே ஆட வேண்டியதுதான். ஆட்டக்காரர்கள் இவரைப் 'பேய் ஓட்டக்காரர்' என்று அழைக்கிறார்கள். களைக்க மாட்டார், தடுக்கி விழ மாட்டார். ஆனால் எந்த இடத்தில் நின்றார் என்பதில் மட்டும் அடிக்கடி சண்டை வரும்.

இதனால் ஆட்டத்துக்கு இரண்டே பேர் போதும், ஒருவர் வீச, ஒருவர் அடிக்க. பக்கத்துக்கு ஐவர் வரை சேர்த்துக்கொள்ளலாம். இடமும் ஏறக்குறைய 20 அடி அகலம், 60 அடி நீளம் இருந்தால் போதும். பிக்கல்பால் திடலின் அகலமும் அதே 20 அடி. நீளம் மட்டும் இன்னும் 16 அடி வேண்டும்.

இடமில்லாத பிள்ளைகளுக்காக, ஆளில்லாத பிள்ளைகளுக்காக, கண்ணாடி உடையாதபடி செய்யப்பட்ட ஆட்டம் என்பது இந்த விதிகளைப் படித்தாலே தெரியும்.

ஒரு போட்டி நாள்

பெரியவர்களின் போட்டி எப்படி நடக்கிறது? பெரும்பாலும் ஒரு சனிக்கிழமை. பொதுப் பூங்காவின் புல்வெளியோ, சாஃப்ட்பால் திடலின் மூலைகளோ இடமாகும். காலையில் முதலில் வருகிறவர்களின் வேலை ஆடுவது அல்ல. கோடு போடுவது, கையால் மடக்கித் தூக்கி வரும் வேலியை நட்டு வைப்பது. ஒரே புல்வெளியில் நான்கைந்து சின்னத் திடல்கள் முளைத்துவிடும்.

அடிப்பவருக்குப் பின்னால் ஒரு பலகையையோ சட்டத்தையோ நிறுத்துவார்கள். நம் பிள்ளைகள் சுவரில் கரியால் ஸ்டம்ப் வரைவதுபோல. அடிக்காமல் விட்ட பந்து அதில் பட்டால் ஸ்ட்ரைக். 'டங்' என்று சத்தம் கேட்கும், வாதத்துக்கு இடமில்லை. நடுவர் இல்லாமலே பல ஆட்டங்கள் நடப்பதற்கு இந்தப் பலகைதான் காரணம். மற்ற சந்தேகங்களை இரு பக்கமும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு குழுவில் நான்கைந்து பேர் இருப்பார்கள். பள்ளி நண்பர்கள், அண்ணன் தம்பிகள், மைத்துனர்கள், சில குழுக்களில் அப்பாவும் மகனும். காலையில் பிரிவு ஆட்டங்கள், மதியத்துக்கு மேல் வெளியேற்றுச் சுற்று. தோற்ற குழு வீட்டுக்குப் போகாது. அடுத்த ஆட்டத்துக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து கருத்து சொல்லும். பரிசு ஒரு கோப்பையாகவோ, கட்டணமாகச் சேர்ந்த பணத்தில் ஒரு பங்காகவோ இருக்கும். பெட்ரோல் செலவுக்குக்கூடக் காணாது என்பது ஆடுகிறவர்களுக்குத் தெரியும்.

இந்தப் பழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. இண்டியானா மாநிலத்தின் மிஷவாகா என்ற ஊரில் 1980இல் சில இளையர்கள் தங்களுக்குள் ஒரு போட்டி நடத்தினார்கள். அதற்கு வைத்த பெயர் 'உலக விஃபிள்பால் போட்டி'. யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? உலக அமைப்பு என்று ஒன்று இருந்தால்தானே! பெயர் நிலைத்தது, போட்டியும் நிலைத்தது. இன்றைக்கும் இந்த ஆட்டத்துக்கு ஒரே விதிப்புத்தகம் இல்லை. நிறுவனத்தின் தாளில் பந்து சரியாக வராவிட்டாலும் அடிப்பவருக்கு இலவச இடம் கிடையாது. பல லீக்குகளில் உண்டு. சிலர் மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் மட்டை தவிர வேறு மட்டையைத் தொடவிட மாட்டார்கள். சிலர் விலை உயர்ந்த மட்டைகளை அனுமதிப்பார்கள். வேறு லீக்குக்குப் போகிறவர் முதலில் அங்குள்ள விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கத்தியும் தோளும்

விதிகளில் பெரிய சண்டை பந்தைக் கீறுவதைப் பற்றியது. புதுப் பந்து வழவழப்பாக இருக்கும். வழவழப்பான பக்கத்தைக் கத்தியாலோ உப்புத்தாளாலோ கீறிச் சொரசொரப்பாக்கினால் காற்று வேறு மாதிரி பிடிக்கும். வளைவு கூடும், வீசுபவரின் கட்டுப்பாடும் கூடும். கிரிக்கெட்டில் இதைச் செய்தால் தடை, தலைகுனிவு. விஃபிள்பாலிலோ, பல லீக்குகளில் இது ஒரு கைத்தொழில். ஒவ்வொரு வீச்சாளரும் தமக்கென்று கீறிய பந்துகளைப் பைக்குள் வைத்திருப்பார். எந்தக் கோணத்தில் எத்தனை கீறல் என்பதை எளிதில் வெளியே சொல்ல மாட்டார். வேறு லீக்குகளில் புதுப் பந்தைத் தவிர எதற்கும் அனுமதியில்லை. வீட்டுப் பிள்ளைகள் கடையில் வாங்கும் அதே பந்தில்தான் திறமையைக் காட்ட வேண்டும் என்பது அவர்கள் கட்சி.

இன்னொரு சண்டை வேகத்தைப் பற்றியது. கட்டுப்பாடு இல்லாத லீக்குகளில் நல்ல வீச்சாளர்கள் மணிக்கு 80 மைலைத் தாண்டி வீசுகிறார்கள். ஏறக்குறைய 130 கிலோமீட்டர். வீசும் தூரமோ 45 அடியைச் சுற்றித்தான். பந்து வந்து சேர அரை விநாடிகூட ஆகாது, அதற்குள் வளையவும் செய்யும். பல நாள் பழகியவர்கள் தவிர மற்றவர்கள் தொடக்கூட முடியாது. அதனால் சில லீக்குகள் வேகத்துக்கு வரம்பு வைத்தன. வேகம் அளக்கும் கருவியைக்கூடத் திடலுக்குக் கொண்டுவருகிறார்கள்.

இந்த வேகத்துக்கு விலை உண்டு. கனமான பந்தை வீசும்போது கை அந்த எடையை உணர்ந்து நிதானித்துக்கொள்கிறது. எடையே இல்லாத பந்தை முழு மூச்சோடு வீசும்போது கை கட்டுக்கடங்காமல் போகிறது. ஒரே நாளில் நான்கைந்து ஆட்டம் வீசிவிட்டுத் தோளில் பனிக்கட்டி கட்டிக்கொண்டு உட்காருபவர்களைப் போட்டிகளில் பார்க்கலாம். தோள் போனதால் வீசுவதை விட்டவர்களும் உண்டு.

யோசித்துப் பாருங்கள். ஒரு பையனின் கை கெடக்கூடாது என்று செய்த பந்து இது. அதை வைத்தே பெரியவர்கள் கையைக் கெடுத்துக்கொள்கிறார்கள். குறை பந்தில் இல்லை. எதைக் கொடுத்தாலும் அதில் யார் பெரியவர் என்று பார்த்துவிடுவது மனித சுபாவம். வேக வரம்பு வைத்த லீக்குகள் ஒருவகையில் அந்த அப்பாவின் வேலையைத்தான் மறுபடியும் செய்கின்றன. ஆட்டத்தை நிறுத்தாமல், ஆட்டத்தை மாற்றுகின்றன.

அடுத்த தலைமுறையிடமும் இந்த ஆட்டம் போய்ச் சேர்ந்திருக்கிறது. மிச்சிகன் மாநிலத்தில் 2009இல் பள்ளிச் சிறுவர்கள் நண்பர்களுக்குள் தொடங்கிய எம்எல்டபிள்யூ என்ற லீக், தன் ஆட்டங்களைப் படம்பிடித்து யூடியூபில் போட ஆரம்பித்தது. குழுப் பெயர், சீருடை, வர்ணனை, புள்ளிவிவரம் எல்லாம் தொழில்முறை லீக் மாதிரியே. அந்தக் காணொளிகளை மில்லியன் கணக்கானோர் பார்க்கிறார்கள். அவற்றைப் பார்த்துத் தங்கள் தெருவிலும் லீக் தொடங்கிய பிள்ளைகள் ஏராளம்.

இடிக்கப்பட்ட திடல்

பந்து கண்ணாடியை உடைக்காது. சின்ன இடம் போதும். ஆள் குறைவு. பிறகு யாருக்கு என்ன தொல்லை என்று கேட்கலாம். 2008இல் கனெட்டிகட்டின் கிரீனிச் நகரில் நடந்ததைக் கேளுங்கள்.

அங்கே பதின்ம வயதுப் பிள்ளைகள் சிலர், நகராட்சிக்குச் சொந்தமான காலி மனை ஒன்றில் மண்டிக்கிடந்த புதரை வெட்டினார்கள். கோடை விடுமுறையில் சில வாரம் பாடுபட்டு அதை விஃபிள்பால் திடலாக்கினார்கள். ஒட்டுப்பலகையில் உயரமாக ஒரு சுவர் எழுப்பிப் பச்சை வண்ணம் பூசினார்கள். பாஸ்டன் நகரின் ஃபென்வே அரங்கில் உள்ள புகழ்பெற்ற பச்சைச் சுவரின் நகல் அது. பெரியவர் துணையில்லை, பயிற்றுநர் இல்லை, கட்டணம் இல்லை. கைப்பேசியை வைத்துவிட்டுப் பிள்ளைகள் தாங்களே உண்டாக்கிக்கொண்ட இடம்.

பக்கத்து வீட்டுக்காரர்களில் சிலர் புகார் செய்தார்கள். சத்தம், கூட்டம், சாலையோரம் நிற்கும் கார்கள். அந்த மனை மழைநீர் வடிவதற்காக ஒதுக்கப்பட்டது என்பதும், யாருக்காவது அடிபட்டால் நகராட்சி பொறுப்பேற்க வேண்டும் என்பதும் அதிகாரிகளின் கவலை. விவகாரம் நாடு முழுவதும் செய்தியானது. பிள்ளைகள் உழைத்துச் செய்ததைப் பாராட்டாமல் இடிப்பதா என்று ஒரு தரப்பு. கேட்காமல் பொது இடத்தில் கட்டலாமா, வயதானவர்களுக்கு அமைதி வேண்டாமா என்று மறு தரப்பு. அந்தக் கோடை முடிவதற்குள் திடல் அகற்றப்பட்டது.

புளோக்கின் கீழ்த்தளத்தில் 'பந்து விளையாடக் கூடாது' என்ற அறிவிப்பைப் பார்த்து வளர்ந்த நமக்கு இரண்டு தரப்பும் புரியும். இரவு வேலை முடித்துப் பகலில் தூங்குகிற அண்டைவீட்டாரும் நமக்கு உண்டு. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போவது என்று கேட்கும் பிள்ளையும் உண்டு. பிக்கல்பால் சத்தம் பற்றி இங்கே எழுந்த புகார்களும் இதே ரகம்தான். யாருமே கெட்டவர் இல்லாத சண்டை என்பதால்தான் தீர்ப்பது கஷ்டம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கிரீனிச்சில் போனது ஒட்டுப்பலகைச் சுவர் மட்டுமல்ல. பெரியவர் யாரும் ஏற்பாடு செய்யாமல் பிள்ளைகள் தாங்களே உண்டாக்கிக்கொண்ட ஒன்று போயிற்று. அதை மறுபடி கடையில் வாங்க முடியாது.

வெர்மான்ட் வீட்டுப் பின்புறம்

இதற்கு நேர்மாறான கதை ஒன்றும் இருக்கிறது. வெர்மான்ட் மாநிலத்தில் எஸெக்ஸ் என்ற ஊரில் ஒருவர் 2001இல் தம் வீட்டு நிலத்தில் அதே ஃபென்வே அரங்கைச் சிறிய அளவில் கட்டினார். பச்சைச் சுவர், விளக்குகள், எண்ணிக்கைப் பலகை, எல்லாம் விஃபிள்பாலுக்கென்று. சில ஆண்டுகள் கழித்துச் சிகாகோவின் ரிக்லி அரங்கின் சின்ன நகலும் பக்கத்தில் எழுந்தது. ஊரார் வந்து ஆடினார்கள். 2002 முதல் அங்கே நடந்த போட்டி ஒன்றுக்கு வேறொரு காரணமும் சேர்ந்தது. அதன் பெயர் டிராவிஸ் ராய்.

ராய் ஐஸ் ஹாக்கி வீரர். பாஸ்டன் பல்கலைக்கழகத்துக்காக 1995 அக்டோபரில் தமது முதல் ஆட்டத்தில் களமிறங்கினார். வயது 20. இறங்கிய 11ஆவது விநாடியில் தடுப்புச் சுவரில் மோதிக் கழுத்தெலும்பு முறிந்தது. கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. சிறு வயது முதல் காத்திருந்த ஆட்டம் 11 விநாடியில் முடிந்துபோனது.

பிறகு அவர் தண்டுவடக் காயம் பட்டவர்களுக்கு உதவ ஓர் அறநிறுவனம் தொடங்கினார். சக்கர நாற்காலி, வீட்டுக்குச் சாய்தளம், வாகன மாற்றம் என்று அன்றாடம் தேவைப்படுவதற்குப் பணம், நிவாரண ஆராய்ச்சிக்கும் பணம். வெர்மான்ட் விஃபிள்பால் போட்டி அந்த அறநிறுவனத்துக்கு நிதி திரட்டும் இடமானது. குழுக்கள் பணம் திரட்டிக்கொண்டு வந்து ஆடின. ராய் சக்கர நாற்காலியில் வந்து பார்ப்பார். ஆண்டுகள் போகப் போகச் சேர்ந்த தொகை பல மில்லியன் டாலரைத் தாண்டியது. 2020 அக்டோபரில், 45 வயதில், ராய் காலமானார்.

20 கிராம் பந்து. ஒரு வீட்டின் பின்புறம். அதிலிருந்து யாரோ ஒருவர் வீட்டு வாசலில் சாய்தளம் வந்தது. அங்கே ஆடியவர்களும் ஜெயிக்கத்தான் ஆடினார்கள், ஸ்ட்ரைக்கா இல்லையா என்று வாதாடினார்கள். விளையாட்டாக ஆடியிருந்தால் இத்தனை ஆண்டு திரும்பத் திரும்ப வந்திருக்க மாட்டார்கள்.

நாமும் ஆடலாமா?

தாராளமாக. முழு லீக் வேண்டாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். சில குறிப்புகள்:

பந்தும் மஞ்சள் மட்டையும் இணையக் கடைகளில் கிடைக்கும். வீட்டிலிருக்கும் பிக்கல்பால் பந்தை வைத்தும் ஆடலாம். ஆனால் அதில் துளை எல்லாப் பக்கமும் இருப்பதால் இந்த வளைவு கிடைக்காது. சுகமே வளைவில்தான்.

இடம் தேடும்போது முதலில் அறிவிப்புப் பலகையைப் படியுங்கள். ஆளில்லாத புல்வெளி நல்லது. கடற்கரை வேண்டாம், காற்றடித்தால் இந்தப் பந்து யார் பேச்சையும் கேட்காது.

அடிப்பவருக்குப் பின்னால் ஒரு மடக்கு நாற்காலி வையுங்கள். சாய்மானத்தில் பட்டால் ஸ்ட்ரைக். செருப்பையும் தண்ணீர்ப் போத்தலையும் வைத்துப் பகுதி பிரியுங்கள். ஓட வேண்டாம் என்பதால் முழங்கால் வலி உள்ள பெரியம்மாவும் மட்டை பிடிக்கலாம்.

வீசும்போது துளையுள்ள பக்கத்தை ஒருமுறை இடப்பக்கம், ஒருமுறை வலப்பக்கம், ஒருமுறை மேலே வைத்து மெதுவாக வீசிப் பாருங்கள். எது எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். வேகம் வேண்டாம், மணிக்கட்டை முறுக்கவும் வேண்டாம். தோளைச் சூடேற்றிக்கொண்டு ஆரம்பியுங்கள். மூன்று இன்னிங்ஸ் வீசியவரை மாற்றிவிடுங்கள்.

விதி பிடிக்கவில்லையென்றால் நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள். இந்த ஆட்டத்தில் எழுபது ஆண்டுகளாக எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள்.

ஆடி முடித்து வரும்போது பிள்ளை கை வலிக்கிறது என்று சொன்னால், "இனிமேல் ஆடாதே" என்று சொல்வதற்கு முன், எப்படி வீசினாய், காட்டு என்று கேளுங்கள். ஃபேர்ஃபீல்டில் அந்த அப்பா செய்தது அதுதான்.